பழைய வளையில் வேலை மேசை: துளை போடேக்க நடந்தது

முள்ளியவளை:
மேசைக்கால் நாலும் எங்கட பழைய வீட்டுக் கூரையைத் தாங்கின பாலை மர வளையில எடுத்தது. 2010இல் திரும்பி வரேக்க கூரை விழுந்து கிடந்தது, அதுக்குள்ள அப்பா பொறுக்கி அடுக்கினவர். இத்தனை வருசம் காய்ந்த மரம், இனி முறுகாது. மூன்றாவது காலில குறுக்குச் சட்டத்துக்குத் துளை போட்டுக்கொண்டு நிற்கிறன், பாதி ஆழம் போயிருக்கும். கொட்டாப்புளி விழ ‘ணங்’ எண்டது. உளி வாய் உடைஞ்சு போச்சு. குடைஞ்சு பார்த்தால் பெருவிரல் நகமளவு ஷெல் துண்டு. விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாய், சுற்றிவர மரம் மை ஊற்றின மாதிரிக் கறுத்திருக்கு. அப்பா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர். “இது குசினிப் பக்கத்து வளை” எண்டு மட்டும் சொல்லிப்போட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போயிட்டார். அந்த நேரம் குசினிக்குள்ள ஆர் நிண்டது எண்டு நான் கேட்கேல்லை. இப்ப அந்தக் காலைக் கடந்து போகேக்கயெல்லாம் அந்தச் சொல்லுத்தான் வருது. வேற ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?

மல்லாவி:
எங்களுக்கு ஆலையில. வளவு வேம்பை ஏற்றிக்கொண்டு போனால், “மரம் எங்கத்தையான்?” எண்டுதான் ஆலைக்காரர் முதல் கேட்டவர். சொன்னதும், உள்ளுக்க இரும்பு கிடக்கும் எண்டு வாளை நிப்பாட்டிப்போட்டார். திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தம்.
தம்பி, இனியாவது பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில கட்டி மரம் முழுக்க இழுத்துப் பாரும். ஆழத்தில கிடக்கிறது அதுக்குத் தெரியாது, ஈயச் சன்னமும் ஒட்டாது, எண்டாலும் மேல் இரும்பு தப்பாது. கழுந்து, அதுதான் துளைக்குள்ள போற சட்டத்து நாக்கு, அதின்ர தடிப்பு காலில மூன்றில ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. மேசை உயரம், நேராய் நிண்டு கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் மட்டம். மேல்பலகையைச் சட்டத்தோட இறுக்கிப் பூட்டாதேயும், மாரியில அகலப்பாட்டுக்கு ஊதும், சோளகத்தில ஒடுங்கும், வழி விடாட்டி வெடிக்கும். குறுக்குச் சட்டத்துக்கு அரை அங்குல போல்ட் போடும். கழற்றிப் பூட்டலாம்.

நெடுங்கேணி:
மல்லாவி அண்ணை, போல்ட் கதையை விடுங்கோ. மரம் ஒடுங்கும், இரும்பு ஒடுங்காது. ஒவ்வொரு சோளகத்துக்கும் ஸ்பானரோட நிற்க வேணும்.
எங்கட ஊரில வண்டில் செய்த ஓடாவியார் ஒருத்தர் என்ர மேசைக்கு முளை, அதுதான் மர ஆணி, அடிச்சுத் தந்தவர். காலில போட்ட முளைத் துளைக்கு நேரே கழுந்தில துளை போடேல்லை, ஒரு காசுக்குத்தித் தடிப்பு தோள்ப்பக்கம், கழுந்து தொடங்கிற படிப்பக்கம், தள்ளிப் போட்டவர். பிறகு பீடிக்கட்டுத் தாளைக் கிழிச்சுத் தோளுக்கும் காலுக்கும் இடையில சொருகினார். முனை சீவின காய்ந்த முளையை அடிக்க அடிக்க, இடைவெளி என்ர கண்ணுக்கு முன்னாலயே மூடினது. “இப்ப தாளை இழும் பாப்பம்” எண்டார். இழுத்தன், வெளியில நிண்ட துண்டு மட்டும் கிழிஞ்சு கையோட வந்தது. பசை ஒரு துளியும் இல்லை. மிச்சத் தாள் இண்டைக்கும் அதுக்குள்ளதான் கிடக்கு. வண்டில் சில்லில ஆர்க்கால் நடுக் குடத்துக்குள்ள ஆணி இல்லாமல்தானே நிற்குது.

மல்லாவி:
வண்டில் சில்லை இறுக்கிப் பிடிக்கிறது வெளியில காய்ச்சிப் போடுற இரும்புப் பட்டம். அதைக் கழற்றினால் ஆர்க்கால் நிற்குமோ? ஓடாவியாரின்ர கைவேலையை நான் குறை சொல்லேல்லை. பாலையில முளைத் துளை தள்ளிப் போடேக்க கொஞ்சம் கூடிப் போனால் கழுந்து முனை பிளந்துபோம், அவ்வளவு கடினம். அது வேம்பு மாதிரி நெளிஞ்சு குடுக்காது.

அக்கராயன்:
ரெண்டு பேரும் பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லேல்லை. அப்பாவிட்ட ஆறுதலாய்க் கேளும் தம்பி, வேலை செய்யேக்க பக்கத்தில இருத்தி. அவர் சொல்ல விரும்பினபடியால்தான் குசினி எண்டு வாயைத் திறந்தவர்.
மேல்பலகைக்கு முதிரை போடுற எண்ணம் இருந்தால் ஒண்டு சொல்லுறன். என்ர மச்சான் சட்டையில்லாமல் நிண்டு முதிரை சீவினவர். அண்டு இரவே முழங்கைக்குக் கீழ சிவந்து தடிச்சு, கண்ணிமையும் வீங்கிப் போச்சு. அந்தத் தூள் சிலருக்குத் தோலில ஒத்துக்கொள்ளாது. நீட்டுக்கை உடுப்புப் போட்டு, மூக்கு வாயைக் கட்டிக்கொண்டு சீவும். நாரும் ஒரு பட்டை இஞ்சால, அடுத்த பட்டை அங்கால ஓடும், நேரே தள்ளினால் பிய்க்கும். சீவுளி அலகை நல்லாய்த் தீட்டி, மெல்லிசாய் வைச்சு, கொஞ்சம் சரிச்சுத் தள்ளும்.