டீமனுக்குத் தமிழில் என்ன சொல்? பிசாசு வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

‘டீமன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் நான் கேட்ட ஒரு வரிக் கேள்விக்கு இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன், சிலவற்றை இரண்டு முறை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முன்கதை தெரியாது என்பதால் அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

காசிமேட்டில் எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம், மாதம் ஒரு படம் போடுவோம். இந்த முறை 2007இல் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’. யாரோ செய்து வைத்திருந்த தமிழ் வசன வரிகள் கிடைத்தன, முழுக்கப் படித்துப் பார்க்காமல் ஓட்டிவிட்டேன், அது என் தவறு. படம் தொடங்கியதுமே திரையில் “இந்த உலகத்தில் மனிதர்களின் கூடவே அவர்களுடைய பிசாசுகள் நடக்கின்றன” என்று வந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, ஞாயிறு பூசைக்குத் தவறாதவர், எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. ராயபுரத்தில் ஞானஸ்நானம் வாங்கி, பிசாசை விட்டுவிடுகிறாயா என்ற கேள்விக்கு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் “விட்டுவிடுகிறேன்” என்று பதில் சொல்லி வளர்ந்தவன் நான். அந்த வரியை முதன்முதலாகப் படித்திருந்தால் நானும் எழுந்துதான் போயிருப்பேன்.

ஆங்கிலத்தில் ‘டீமன்’ என்று இருந்ததைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், அது பிசாசு இல்லைக்கா, கதையில வர்ற லைராங்கிற பொண்ணோட உயிர்தான், அந்த உலகத்துல உயிர் உடம்புக்கு வெளியே ஒரு மிருகமா கூடவே வரும் என்று சொன்னேன். “அப்போ உயிருன்னே எழுத வேண்டியதுதானே” என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்தேன்.

சொல்லின் கதையை நம் ஐயா ஏற்கெனவே எழுதிவிட்டார், சுருக்கமாக: கிரேக்கத்தில் ‘தைமோன்’ என்றால் தெய்வத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கும் ஒரு சக்தி, கெட்டது என்ற பொருள் அதில் கட்டாயமில்லை. சாக்ரடீஸ் தன்னைத் தவறு செய்யாமல் தடுத்த உள்குரலை அப்படித்தான் குறிப்பிட்டார். கிறிஸ்தவம் பரவிய பிறகுதான் அது சாத்தானின் கூட்டமாக ஆனது. இந்தப் படத்துக்கு மூலம் பிலிப் புல்மன் எழுதிய மூன்று நாவல்களில் முதலாவது, அந்த 1995 நாவலில் அவர் பழைய எழுத்துக்கூட்டலை எடுத்து, பழைய பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். ஆங்கிலத்தில் கண்ணுக்கு வேறு சொல், காதுக்கு ஒரே சொல். தமிழில் ‘டீமன்’ என்று ஒலிபெயர்த்தால் கண்ணுக்கும் ஒரே சொல்லாகிவிடும். ஒலிபெயர்ப்பே போதும் என்று சொன்ன மூன்று பேருக்கும் என் பதில் இதுதான்.

அப்புறம் நீங்கள் முன்வைத்த சொற்கள். பேய் என்ற சொல்லுக்காக வாதாடிய தோழர் சொன்னது முழுக்க உண்மை: காரைக்கால் அம்மையார் தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்றே பாடிக்கொண்டார், அதில் வெட்கமில்லை, பெருமைதான் இருக்கிறது. பூதமும் அப்படியே, சிலப்பதிகாரத்துச் சதுக்கப் பூதம் ஊரைக் காவல் காக்கிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை திரையில் நான்கு நொடி ஓடும் வரியில் இந்த வரலாற்றையெல்லாம் எங்கிருந்து எடுக்கும்? அணங்கு அழகான சொல், ஆனால் அது வருத்துவது, வெளியிலிருந்து வந்து பற்றுவது. லைராவின் டீமனான பான் அவளை வந்து பற்றியவன் இல்லை, அவளோடு பிறந்தவன். ஆவி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு காதுக்குத் தூய ஆவியார், இன்னொரு காதுக்கு இறந்தவர் ஆவி, இரண்டுமே இங்கே பொருந்தாது.

‘விலங்குத் தோழன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரையும் பயமுறுத்தாது, பள்ளிக்கூடத்தில் தைரியமாகப் போடலாம் என்றார். எனக்கு இந்தச் சொல்லோடுதான் பெரிய சண்டை. அந்தக் கதையில் ஒருவரின் டீமனை இன்னொருவர் தொடக் கூடாது, அது சட்டம் போட்டு வந்த தடை இல்லை, எல்லாருக்கும் இயல்பாகவே தெரிந்த கூச்சம். தோழனாக வருகிற நாயை யாரும் தடவிக்கொடுக்கலாம். தோழன் விலகிப் போனால் அழுவோம், செத்துப் போக மாட்டோம். பயத்தை எடுக்கப் போய் அந்தச் சொல் கதையையே எடுத்துவிடுகிறது.

அந்தப் படத்தில் நடந்ததும் இதே காரியம்தான். நாவலில் மேஜிஸ்டீரியம் என்பது வெளிப்படையாகத் திருச்சபை. அந்தப் பெயரே கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை அதிகாரத்தைக் குறிக்கிற லத்தீன் சொல். படத்தில் அது ஏதோ ஒரு சர்வாதிகார அமைப்பு மாதிரி ஆகிவிட்டது. பாவம், வீழ்ச்சி என்ற பேச்செல்லாம் மங்கிவிட்டது. இப்படித் தணித்தும் அமெரிக்காவில் கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு 2007 அக்டோபரிலேயே புறக்கணிக்கச் சொன்னது. அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: படம் சாதுவாக இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் புத்தகத்தைக் கேட்பார்கள், புத்தகம் சாது இல்லை. அங்கே ஆயர் பேரவையின் திரைப்பட அலுவலகம் முதலில் நல்லபடியாகவே விமரிசனம் எழுதியது, டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மறுபக்கம் மதச்சார்பின்மை பேசுகிறவர்கள் முதுகெலும்பை எடுத்துவிட்டார்கள் என்று கோபப்பட்டார்கள். இதே காலத்தில் ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ், 2004இலேயே இந்தக் கதையின் மேடை நாடகத்தைப் பாராட்டி, புல்மனோடு ஒரே மேடையில் உட்கார்ந்து விவாதித்தவர். விசுவாசத்தை விடாமலே இந்தக் கதையை நேருக்கு நேர் பார்க்க முடியும் என்பதற்கு அவர் எனக்குச் சாட்சி. நானும் அப்படித்தான் பார்க்கிறேன். அதிகாரத்தின் பேரில் குழந்தையின் உயிரில் கத்தி வைக்கிறவனை எதிர்க்கிற கதை என் ஜெபமாலைக்கு எதிரி இல்லை. மூன்றாவது நாவலில் கடவுளைப் பற்றி வருகிற சில பகுதிகள் எனக்கு வலித்தன, அதை மறைக்கவும் மாட்டேன்.

படத்தின் குறைகளில் எனக்குப் பெரியதாகப் படுவது தொடக்கமே. டீமன் என்றால் என்ன, டஸ்ட் (கதையில் காற்றில் மின்னும் ஒரு மர்மப் பொருள்) என்றால் என்ன என்று ஒரு குரல் முதல் நிமிடத்திலேயே பாடம் நடத்திவிடுகிறது. நாவல் எதையும் விளக்காமல் “லைராவும் அவள் டீமனும்” என்று தொடங்கும், நாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்வோம். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படத்துக்குள் ஒரு முழு நாவலைத் திணித்ததில் யாரும் ஓரிடத்தில் நின்று மூச்சு விடுவதில்லை. கடைசி மூன்று அத்தியாயங்களைப் படம் பிடித்துவிட்டு அடுத்த பாகத்துக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள், அடுத்த பாகம் வரவேயில்லை. 18 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் சுமார் 7 கோடிதான் வசூலித்தது. வெளிநாடுகளில் 30 கோடியைத் தாண்டியும் உரிமையை முன்பே விற்றுவிட்ட நியூ லைன் நிறுவனத்துக்கு அது கைக்கு வரவில்லை.

ஆனால் எங்கள் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்த இடங்களும் உண்டு. கவசக் கரடிகளின் சண்டையில் வகுப்பறை முழுக்க எழுந்து நின்றது. டீமன்கள் ஓடிக்கொண்டே உருமாறுவது இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை, காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது. லைராவாக நடித்த டகோட்டா ப்ளூ ரிச்சர்ட்ஸுக்கு அதுதான் முதல் படம், அந்தப் பெண்ணின் முறைப்பு எங்கள் கல்மண்டபம் பிள்ளைகளின் முறைப்பு. வில்லியாக வரும் நிகோல் கிட்மன் தன் டீமனான தங்கக் குரங்கை அறைந்துவிட்டு உடனே அள்ளி அணைத்துக்கொள்ளும் இடத்தில் டீமன் என்றால் என்ன என்பது வசனமே இல்லாமல் விளங்கிவிடுகிறது.

இன்னொரு குறை, இதை எங்கள் ஊர்க்காரன்தான் சொல்ல வேண்டும். நாவலில் டீமனை வெட்டி எடுத்துவிட்ட ஒரு சிறுவனை லைரா கண்டுபிடிக்கிறாள். அவன் இழந்த உயிருக்குப் பதிலாக ஒரு காய்ந்த மீனை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறான், அப்படியே செத்துப் போகிறான். கருவாடு! மீன் காயப்போட்ட பாயின் ஓரத்தில் வளர்ந்த எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட இரண்டு நாள் ஆனது. படத்தில் அந்த இடத்தில் வேறொரு சிறுவன், அவன் பிழைத்து அம்மாவிடம் போய்விடுகிறான், மீனும் இல்லை. பிள்ளைகள் பார்க்கிற படம் என்று தணித்திருப்பார்கள். ஆனால் அந்த வெட்டு எவ்வளவு பெரிய பாவம் என்பது அந்த மீனில்தான் இருந்தது.

சரி, என் சொல்: உடனுயிர்.

உடன்பிறப்பு என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது கஷ்டமில்லை. உயிர் என்பதால் அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது, ‘உடன்’ என்பதால் அது வெளியே பக்கத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. உயிர் உடம்புக்கு வெளியே மிருகமாக இருக்கும் என்பது நமக்கு விநோதமான எண்ணமும் இல்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் இருக்கிறது என்று கேட்டுத்தானே தூங்கினோம். குறள் 338ஐ எடுத்துப் பாருங்கள்: “குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு.” உயிர் அங்கே பறவை, அதற்கும் உடம்புக்கும் நடுவே இருப்பதை நட்பு என்கிறார்.

மற்றச் சொற்களையும் இதோடு முடித்துவிடலாம். வெட்டிப் பிரிக்கும் அந்தக் கொடுமைக்கு ‘உயிர்ப்பிரிப்பு’ என்று வந்தது, எனக்கு அது மிகவும் மென்மை. ‘உயிரறுப்பு’ என்றே வைப்போம். கதையில் அதிகாரிகள் ‘சின்ன வெட்டு’ என்று பூசி மெழுகுவார்கள், மென்மையான சொல் அவர்கள் வாயிலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் இப்படி விளக்கினேன்: ‘க’ என்பது உயிர்மெய், அதிலிருந்து உயிரை எடுத்துவிட்டால் ‘க்’, தலையில் ஒரு புள்ளி, தனியாக நிற்கவே முடியாமல் தவிக்கும். ஒரு பையன் “அந்தப் பையன் புள்ளி வெச்ச எழுத்து ஆயிட்டான் சார்” என்றான். அதற்குமேல் விளக்க எனக்கு ஒன்றும் இல்லை.

‘தங்கத் திசைகாட்டி’ என்ற தலைப்பை விட்டுவிடுவோம். ஆங்கிலக் கவி மில்டனின் காவியத்தில் கடவுள் உலகத்துக்கு வட்டம் வரைகிற பொற்கருவியிலிருந்து வந்த பெயர் அது. அமெரிக்கப் பதிப்பகம் அதை லைரா கையில் இருக்கும் கருவி என்று எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் காம்பஸ்தான். நம்மிடம் ஒன்று கவராயம், மற்றது திசைகாட்டி, கணக்குப் பெட்டியைத் திறந்த எந்தப் பிள்ளையும் குழம்பாது. 36 சின்னங்கள் கொண்ட அந்தக் கருவி திசையே காட்டுவதில்லை, உண்மையைச் சொல்கிறது, ஆகவே ‘உண்மைமானி’. ‘மெய்ம்மானி’ காதுக்கு இனிது, ஆனால் மெய் என்றால் உடம்பும் ஆகுமே, காய்ச்சல் பார்க்கிற கருவி என்று நினைத்துவிடுவார்கள்.

டஸ்ட்தான் என்னால் முடிக்க முடியாதது. ‘நீ மண்ணாயிருக்கிறாய்’ என்று நம் வேதாகமத்தில் வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான். மண் என்று போட்டால் திருநீற்றுப் புதன் நினைவுக்கு வரும், ஆனால் மண் காற்றில் மின்னாது. துகள் என்றால் மின்னும், அறிவியலுக்கும் பொருந்தும், வேதம் அறுந்துவிடும். ஆபிரகாம் தன்னைத் ‘தூளும் சாம்பலும்’ என்கிறாரே, அதைப் பிடித்துத் ‘தூள்’ என்று வைக்கலாமா?

இதைப் போட்டதுமே ஐயா கேட்டது:

> உடனுயிர் நன்று. ஆனால் உயிர் அஃறிணை. “உடனுயிர் வந்தது” என்பீர்களா, “வந்தான்” என்பீர்களா? மேலும் கணினியில் பின்னால் ஓடும் டீமனுக்கும் இதே சொல்லா?

ஐயா, சட்டென்று பதில் போட்டதற்கு நன்றி. பெயர் சொல்லி வரும்போது உயர்திணைதான், “பான் வந்தான்” என்றே எழுதப் போகிறேன். பொதுவாகச் சொல்லும்போது “உடனுயிர் வந்தது” என்று இருக்கட்டும். உயிரறுப்பு செய்கிறவர்கள் மட்டும் பெயர் தெரிந்தும் ‘அது’ என்பார்கள், அந்தத் திணைத் தவறைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். கணினி டீமன் வேறு வழியில் வந்தது, 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லின் கற்பனைப் பூதத்தை நினைத்து வைத்த பெயர். அதற்குப் ‘பின்னணி நிரல்’ போதும், அதற்கு உயிர் வேண்டாம்.

தூள் பற்றி யாராவது சொல்லுங்கள். வரிகளைத் திருத்திவிட்டு அந்த அக்காவிடம்தான் முதலில் படித்துக் காட்டப் போகிறேன், அவர் சரி என்றால் மறுபடி படம் போடுகிறோம்.