ஹெட் கேஸ்கட்தானா, வேறு ஏதாவதா? மலை ஏற்றத்தில் ஹீட் ஆன டீசல் வண்டி

மலையேறி:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக், ஒன்றே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன ஞாயிறு வால்பாறைக்குக் கிளம்பினோம். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, முதலில் ஏசியில் குளிர்ச்சி போனது, அப்புறம் ஹீட் முள் சிவப்புக்கு ஏறியது. ஓரங்கட்ட இடம் கிடைத்து நிறுத்தினால் பானெட்டைச் சுற்றி ஆவி. நன்றாக ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி, அப்படியே திரும்பி இறங்கிப் பொள்ளாச்சி வந்து சேர்ந்தோம்.

இப்போது ரிசர்வ் டேங்கில் கூலன்ட் தினமும் கொஞ்சம் குறைகிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் சிறிது நேரம் உதறுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைக் கழற்றினால் உட்புறம் வெளிர் மஞ்சளாகப் பிசுபிசுப்பு. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னதுமே "ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார், 35,000 ஆகும், ஹெட்டைக் கழட்டிரலாம்" என்கிறார். கழற்றுவதற்கு முன்னால், இன்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அந்த அடைப்புத் தகடுதான் போயிருக்கிறது என்று உறுதிசெய்ய வழி இருக்கிறதா?

டீசல்ராசு:
அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம், ஆனால் வாயால் சொன்ன அறிகுறியை வைத்து ஹெட்டைத் திறக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். மூடிக்கு அடியில் இருக்கும் பிசுபிசுப்பு மட்டும் போதாது. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் வண்டி எடுப்பவர்களுக்கு இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் உள்ளே ஈரம் தங்கியே அப்படி ஆகும். ஆயில் கேஜை உருவிப் பாருங்கள். அளவு கூடியிருந்தாலோ, ஆயிலே பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தாலோ ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், பேரிங் போய்விடும்.

அது சுத்தமாக இருந்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ரேடியேட்டர் மூடியை ஒருதரம் திறந்து மூடுங்கள். சூடாக இருக்கும்போது அதில் கையே வைக்கக் கூடாது, அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், திருகியதும் மூஞ்சியில் அடிக்கும். அப்புறம் ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும்போதே ஒன்றிரண்டு நிமிடத்தில் ஹோஸ் விறைத்துவிட்டால் சிலிண்டர் கேஸ்தான் உள்ளே போகிறது. சூட்டால் வரும் அழுத்தம் அவ்வளவு சீக்கிரம் வராது.

கொங்குஓட்டி:
ஏன் ஹீட் ஆனது என்று யாருமே கேட்கவில்லையே? "முதலில் ஏசி குளிர்ச்சி போனது" என்கிறீர்கள், எனக்கு அங்கேதான் இடிக்கிறது. இன்ஜின் சூடு ஏறினால் கம்ப்யூட்டரே ஏசியை வெட்டிவிடும், அது ஒன்று. ஆனால் ரேடியேட்டர் ஃபேன் ஓடாவிட்டாலும் இதேதான் நடக்கும், ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போகும்போது முன்னால் காற்று ஏது? ஏசியைப் போட்டுவிட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபியூஸ், ரிலே, மோட்டார், மூன்றையும் பாருங்கள்.

இன்னொன்று. டீசல் வண்டியில் வெளியே ஒழுகாமல் கூலன்ட் குறைந்து வெள்ளைப் புகை வந்தால் ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் பாகம்) உள்ளே ஓட்டையாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதை விலக்காமல் ஹெட்டைக் கழற்றினால் காசு தண்டம். டேங்கில் குமிழி வந்தாலும் உடனே பயப்பட வேண்டாம், வழியில் தண்ணீர் ஊற்றியதால் ஏர் லாக் ஆகியிருக்கும். காற்றை ஒழுங்காக எடுத்துவிட்ட பிறகும் நிற்காமல் வந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடுகிறது என்றால்தான் கேஸ்கட்.

லேத்பட்டறை:
ஹோஸ் சோதனை நல்லதுதான், ஆனால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் கேஸ் திரும்பி வராத கேஸ்கட்களும் உண்டு, அதில் ஹோஸ் விறைக்காது. நீல மருந்து வைத்து, கூலன்ட்டில் சிலிண்டர் கேஸ் கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் கருவியும் பெட்ரோலில் சட்டென்று காட்டும், டீசலில் காற்று அதிகம் கலப்பதால் இன்ஜினுக்கு லோடு கொடுத்துப் பார்க்காவிட்டால் ஏமாற்றிவிடும்.

உங்கள் வண்டிக்கு நான் செய்வது இதுதான். ஆறிய இன்ஜினில் கை பம்ப் வைத்து, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை, பெரும்பாலும் 1 பார் சுற்றி இருக்கும், ஏற்றி ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் குளோ பிளக்குகளை (குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) கழற்றி, டீசல் அடிக்காமல் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால், எந்த ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சுகிறதோ அந்தச் சிலிண்டர். கழற்றாமல் சுற்றக் கூடாது, உள்ளே தண்ணீர் நின்றிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பழைய குளோ பிளக் ஹெட்டுக்குள்ளேயே உடையும், அவசரப்பட்டு முறுக்க வேண்டாம்.

மலையேறி:
எல்லோருக்கும் நன்றி. ஆயில் கேஜ் சுத்தம், அளவும் சரி. ஹோஸ் விறைக்கவில்லை. ஆனால் லேத்பட்டறை சொன்னபடி வேறொரு கடையில் அழுத்தம் ஏற்றி விட்டோம், காலையில் பாதி இறங்கியிருந்தது, மூன்றாவது சிலிண்டர் ஓட்டையிலிருந்து பச்சை நிறக் கூலன்ட் தெறித்தது. ஃபேனும் ஓடவில்லை, ரிலே அடிக்கால் கருகி உருகியிருக்கிறது. ஹெட்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன். வேலை நடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

லேத்பட்டறை:
ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு என்றால் சூட்டில் பிளாக் விரிவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஹெட் விரியும், அதனால் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டமும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து உங்கள் எதிரிலேயே பார்க்கச் சொல்லுங்கள். விரிசலுக்கு ஹெட்டைத் தனியாக பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும், ஃபேசிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது) அதற்குப் பிறகுதான். சில டீசல் ஹெட்களை ஃபேசிங் செய்யவே கம்பெனி அனுமதிப்பதில்லை, மேனுவலைப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். டீசல் கேஸ்கட் பல தடிமனில் வரும், பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து வாங்க வேண்டும், பழையதில் தடிமனைக் காட்டும் ஓட்டை அல்லது வெட்டுக் குறியையும் ஒப்பிடுங்கள். முறுக்கும்போதே இழுபட்டு நீளும் வகை போல்ட் என்றால் புதிதுதான் போட வேண்டும்.

கொங்குஓட்டி:
ரிலேயோடு அந்த சாக்கெட்டையும் ஒயரையும் மாற்றச் சொல்லுங்கள், ஃபேன் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்றும் பார்க்கட்டும், மோட்டார் இறுகியிருந்தால் புது ரிலேயும் கருகும். மறுபடி போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள்.