கோர் என்பதற்கு நடுக்கட்டு சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சொல்லும் ‘கோர் ஸ்ட்ரெங்த்’துக்கு, அதாவது உடம்பின் நடுப்பகுதியைச் சுற்றிப் பிடித்து நிறுத்தும் தசைகளின் உறுதிக்கு, தமிழ் என்ன என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான். மையத்தசை, கருவம், அகடு, கச்சை என்று நான்கு சொற்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், இந்தச் சொல் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் சைக்கிளில் ஏலகிரி மலை ஏறினோம். பொன்னேரியில் தொடங்கி 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருப்பார்கள். பாதிக்கு மேல் ஏறியதும் கீழ் முதுகில் ஆணி அடித்தது போல வலி. எந்தப் புலவரிடம் நின்றேன் என்றுகூட நினைவில்லை, பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதுதான் நினைவிருக்கிறது. ஊருக்கு வந்து ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கேட்டேன். “வயிற்றுத் தசை வீக்கா இருக்கு சார்” என்று தினம் 100 க்ரன்ச் எழுதிக் கொடுத்தார் பயிற்சியாளர். மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கி வளையும் பயிற்சி அது. மூன்று வாரம் செய்தேன். வலி கூடியது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோர் என்றால் வயிறு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மணிக்கணக்காக முதுகை வளைத்து ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவனை, வீட்டுக்கு வந்து இன்னும் 100 தடவை வளையச் சொன்னால் எப்படி இருக்கும்? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், திரும்பத் திரும்ப முதுகை வளைக்கும் சிட்-அப் வகையறா வேண்டாம் என்கிற கட்சி. முதுகை வளைப்பது வேறு, வளையாமல் நிறுத்திப் பிடிப்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. சொல்லில் அது தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சரி, வந்த சொற்களுக்கு வருவோம்.

> கருவம் என்று பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா. பூமிக்கு மேலோடு, கவசம், கருவம் என்று நானும் படித்தவன்தான். ஆனால் ‘கருவப் பயிற்சி’ என்று எங்கள் சைக்கிள் குழுவில் சொன்னபோது, ஓர் அம்மா “யாருக்கு மாசம்?” என்று கேட்டுவிட்டார். அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. பூமியின் கருவம் எல்லாவற்றுக்கும் உள்ளே, நட்டநடுவில் இருப்பது. இந்தத் தசைகள் அப்படி இல்லை. முன்னால் வயிற்றின் நேர்த்தசை, பக்கத்தில் சாய்தசைகள், அவற்றுக்கு உள்ளே இடுப்பைச் சுற்றி ஓடும் குறுக்குத்தசை, பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், மேலே மூச்சு வாங்கும் உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள். நடுவில் இருப்பது குடல்தான்! மையத்தசைக்கும் இதே பதில்.

> அகடு. வயிறு, நடு என்ற இரு பொருளும் உண்டு. குறளிலேயே வருகிறது.

தமிழாசிரியர் அம்மா கொடுத்த சொல். 936ஆம் குறளில் ‘அகடாரார் அல்லல் உழப்பர்’. சூதாடுகிறவனுக்கு வயிறு நிறையாது. எனக்கு மிகவும் பிடித்த சொல், விட மனமே இல்லை. ஆனால் இந்தக் குறளிலும் அது வயிறுதானே அம்மா? எந்தத் தவறான எண்ணத்தால் என் முதுகு போனதோ, அதே எண்ணத்தை இரண்டாயிரம் வருஷப் பழைய சொல்லில் சொன்னதாக ஆகும்.

> கச்சை. அந்தத் தசைகள் செய்யும் வேலையே அதுதான்.

வேலையைச் சொல்லும் ஒரே சொல் இதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டீக்கடையில் “கச்சைப் பயிற்சி செய்தாயா?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

இனி என் சொல்: நடுக்கட்டு. உண்மையில் என்னுடையது இல்லை. காட்பாடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வாயிலிருந்து வந்தது. முதுகு வலிக்கு சீட்டு உயரம்தான் காரணமோ என்று அவரிடம் போனேன். நல்ல சந்தேகம்தான். சீட்டு அதிக உயரத்தில் இருந்தால் மிதி கீழே போகும்போது கால் எட்டாமல் இடுப்பு அந்தப் பக்கம் சரியும். அவர் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி என்னை மிதிக்கச் சொன்னார். பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, என் பேன்ட் பெல்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஐந்து நிமிஷம் பெல்ட் கோடு போட்ட மாதிரி நேராக நின்றதாம். பத்தாவது நிமிஷத்தில் தராசு முள் மாதிரி இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிட்டது. “சீட்டு சரியாத்தான் இருக்கு தம்பி. உயரம் தப்புன்னா ஏறின உடனேயே ஆடும். உனக்கு நடுவுல கட்டு விட்டுப்போவுது” என்றார்.

இதைவிட யாரால் சுருக்கமாகச் சொல்ல முடியும்? நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கால்களும் மாறி மாறி இடுப்பெலும்பை ஊன்றுகோலாக வைத்துத்தான் தள்ளுகின்றன. அந்த எலும்பை அசையாமல் பிடிக்கும் கட்டு தளர்ந்தால், பிடிக்கிற வேலை கீழ் முதுகின் தலையில் விழுகிறது. 2007இல் வந்த ஓர் ஆய்வில், போட்டிகளில் ஓட்டுகிறவர்களின் நடுவுடல் தசைகளை முதலில் களைக்க வைத்து, பிறகு மிதிக்கச் சொன்னார்கள். மிதியில் விழுந்த விசை பெரிதாக மாறவில்லை. முழங்காலும் கணுக்காலும் போய்வரும் தடம்தான் மாறியது. அதனால் நடுக்கட்டு தேறினால் வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்றெல்லாம் நான் யாருக்கும் சொல்வதில்லை. கடைசி 20 கிலோமீட்டரில் முதுகும் முழங்காலும் ஒத்துழைக்கும், அவ்வளவுதான்.

சொல்லாகப் பார்த்தாலும் ‘கட்டு’ நம்மிடம் ஏற்கெனவே இந்தப் பொருளில் புழங்குகிறது. கட்டுவிடாத உடம்பு என்கிறோம். மூட்டை தூக்குகிறவர் துண்டை இடுப்பில் வரிந்து கட்டுகிறார். இன்னொன்றும் தற்செயலாக அமைந்துவிட்டது: மூன்று கட்டு வீடு என்போமே, அந்தக் கட்டு. மேலே கூரை, கீழே தரை, நாலு பக்கமும் சுவர். உதரவிதானம், இடுப்புத் தளம், சுற்றித் தசைகள். என் பாட்டி வீட்டில் நடுக்கட்டில்தான் நெல் குதிர் இருந்தது.

நடுக்கட்டுத் தசைகள், நடுக்கட்டுப் பயிற்சி, நடுக்கட்டு உறுதி. மூன்றும் வாய்க்கு இடறவில்லை.

> நோயாளிகள் இதை இடுப்பு பெல்ட் என்று புரிந்துகொள்வார்கள். தவிர, ‘கட்டு’ என்றதும் மூச்சைப் பிடிப்பார்கள். மூச்சு விட்டபடியே இறுக்கத் தெரிவதுதான் பயிற்சி.

இந்தச் சொல்லை முன்கூட்டியே கேட்டிருந்த வாலாஜா டாக்டர் ஐயா நேற்றிரவு எழுதியது. முதல் பாதியை நான் ஏற்கவில்லை. பெல்ட்டை எல்லோரும் பெல்ட் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாவது பாதி உண்மை. ‘தம் கட்டுதல்’ நம் வாயில் அவ்வளவு பழகிவிட்டது. இன்று காலை குழுவில் நான்கு பேரைப் பலகை நிலையில் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடிப்பது) நிற்க வைத்து “நடுக்கட்டை இறுக்கு” என்றேன். மூன்று பேர் முகம் சிவந்து தம் பிடித்தார்கள். பிறகு “இறுக்கிக்கிட்டே ஒன்றிலிருந்து பத்து வரை சத்தமாக எண்ணு” என்று மாற்றினேன். எண்ணினால் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும். மெக்கிலும் ஒவ்வொரு பிடிப்பையும் பத்து விநாடி அளவில்தான் வைக்கச் சொல்கிறார், ஆக எண்ணிக்கையும் சரியாகப் போயிற்று. சொல்லின் குறையைச் சொல்லிக்கொடுக்கும் முறையில் சரிசெய்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். டாக்டர் ஐயா வேறு சொல் தந்தால் நடுக்கட்டை இன்றே விடவும் தயார்.

துணைச்சொற்களில் ப்ளாங்க்குக்குப் பலகை நிலை போதும். அதையே பக்கவாட்டில் செய்வதற்கு ‘ஒருக்களித்த பலகை’. ஒருக்களித்துப் படு என்று வீட்டில் தினமும் சொல்கிற சொல், விளக்கமே வேண்டாம். மல்லாந்து படுத்துக் கைகால்களை மேலே தூக்கி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டி மடக்கும் டெட் பக், ‘மல்லாந்த பூச்சி’யாகட்டும். கரப்பான் என்றும் ஒருவர் சொன்னார், பாயில் படுக்க ஆள் வரமாட்டார்கள்.

பேர்ட் டாக் என்ற பயிற்சிக்கு மட்டும் சொல் அமையாமல் நிற்கிறது. மண்டியிட்டு ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டுவது, பிறகு மாற்றிச் செய்வது. ‘பறவை நாய்’ என்று பெயர்த்த நண்பர் மன்னிக்க வேண்டும். அது பறவை வேட்டைக்குப் போகும் நாய், இரை இருக்கும் பக்கம் காட்டி அப்படியே விறைத்து நிற்கும். நான் உற்சாகமாக ‘மாறுகை மாறுகால்’ என்று வைத்தேன். தமிழாசிரியர் அம்மா தனிமடலில், அது அந்தக் காலத்தில் ஒரு பக்கக் கையையும் மறுபக்கக் காலையும் வெட்டி வாங்கும் தண்டனையின் பெயர் என்று நினைவூட்டினார்கள். ‘எதிர்க் கைகால் நீட்டல்’ என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறேன். சப்பென்றுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது நல்லதாக ஒன்று கொடுத்தால், வேலூர் பக்கத்து அமிர்திக் காட்டுக்குச் சைக்கிளில் போய்வருவதற்கு முன் குழுவில் சொல்லிப் பார்த்துவிடுவேன்.