பழைய மதராஸ் ஜூரி: யார் பெயர் பட்டியலில் ஏறியது?

வேப்பேரி வாசு:

ஜூரி முறையை, அதாவது கோர்ட்டில் பொதுமக்கள் சிலர் உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் முறையை, திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று போன வாரம் இங்கே பலர் எழுதியிருந்தீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பொதுமக்களே தீர்ப்புச் சொன்னார்கள், நாம்தான் அதைத் தொலைத்துவிட்டோம் என்பது வாதம். எந்தப் பொதுமக்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 21 வயதிலிருந்து 60 வயது வரையுள்ள ஆண்கள் எல்லோரும் தாங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் ஜூரராகவோ அசெஸராகவோ (ஜட்ஜுக்குக் கருத்து மட்டும் சொல்கிறவர்) உட்காரக் கடமைப்பட்டவர்கள் என்கிறது 319ஆவது பிரிவு. பெண்களை முதல் வரியிலேயே ஒதுக்கியாயிற்று. சரி, ஆண்களாவது எல்லோரும் வந்தார்களா என்றால் அதுவும் இல்லை. மாவட்டங்களில் பட்டியல் எழுதுகிறவர்கள் செஷன்ஸ் ஜட்ஜும் கலெக்டரும். யார் தகுதியானவர் என்று அவர்களுக்குப் படுகிறதோ அவர் பெயர்தான் ஏறும்.

மதராஸ் பட்டணத்தில் இன்னும் மோசம். ஹைகோர்ட்டில் ஒன்பது பேர் ஜூரி. சாதாரண ஜூரர்களுக்கு ஒரு பட்டியல், ஸ்பெஷல் ஜூரர்களுக்கு ஒரு பட்டியல். ஸ்பெஷல் பட்டியலில் ஒரே சமயத்தில் 400 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பெயர் சேர்க்கும்போது சொத்து, நடத்தை, கல்வி மூன்றையும் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தூக்கு வரக்கூடிய வழக்கு என்றால் ஜூரர்களை அந்த ஸ்பெஷல் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆக, காசிமேட்டு மீனவர் ஒருவர்மேல் கொலைக் குற்றம் வந்தால், அவர் உயிர் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் ஒன்பது பேர் கையில். இதையா மக்கள் நீதிமன்றம் என்று கொண்டாடுகிறீர்கள்?

ராயபுரம் செல்வி:

வாசு சார், நீங்கள் சொன்ன பிரிவுகளோடு எனக்குச் சண்டை இல்லை. அதிலிருந்து நீங்கள் போய்ச் சேரும் இடம்தான் தப்பு. பட்டியல் ஒருதலைப்பட்சமாக இருந்தால் பட்டியலைத் திருத்தியிருக்க வேண்டும். நம் நாட்டில் ஜூரியையே எடுத்துவிட்டார்கள். 1973ஆம் ஆண்டு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று.

ஜூரி நாற்காலிக்காக நம் ஆட்கள் எவ்வளவு போராடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1826இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு ஜூரிச் சட்டம் போட்டது. கல்கத்தா, மதராஸ், பம்பாய் மூன்று இடத்திலும் இந்தியர்கள் ஜூரியில் உட்காரலாம் என்றது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் கிறிஸ்தவர் என்றால் ஜூரியும் கிறிஸ்தவர்களாகத்தான் இருக்க வேண்டும், வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரியிலும் மற்ற மதத்தவருக்கு இடம் கிடையாது என்று முட்டுக்கட்டை போட்டது. ஒரு இந்துவையோ முஸ்லிமையோ விசாரிக்கும் ஜூரியில் கிறிஸ்தவர் உட்காரலாம், மாற்றிச் செய்ய முடியாது. ராம்மோகன் ராய் இதை எதிர்த்து மனு போட்டுப் போராடினார். 1832இல் அந்தத் தடை போயிற்று. மதிப்பில்லாத நாற்காலிக்கு யாராவது பார்லிமென்ட் வரை போவார்களா?

இன்னொன்று. அரசுக்கு நிஜமாகவே முக்கியமான வழக்கு வந்தபோது என்ன செய்தது? மணியாச்சி ரயில் நிலையத்தில் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அந்தச் சதி வழக்கு நம் ஹைகோர்ட்டில்தான் நடந்தது. ஜூரி உண்டா? கிடையாது. 1908இல் போட்ட ஒரு சட்டத்தை வைத்து மூன்று ஜட்ஜுகள் கொண்ட ஸ்பெஷல் பெஞ்ச் விசாரித்தது. சொத்து பார்த்து, நடத்தை பார்த்து, தானே பொறுக்கி எடுத்த ஆட்களைக்கூட நம்ப அந்த அரசுக்குத் துணிவில்லை. ஜூரியின் பலம் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

மயிலை சுந்தரம்:

கோர்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செல்வி அம்மா, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை மறந்துவிட்டு மதராஸ் ஜூரியைப் பற்றிப் பேச முடியுமா? அதில் கூண்டில் நின்ற தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஊரே கொண்டாடிய சினிமா நட்சத்திரங்கள். 1945இல் ஜூரி பெரும்பான்மையாகக் குற்றவாளிகள் என்றது, ஆயுள் தண்டனை விழுந்தது. வழக்கு லண்டனில் இருந்த கடைசி அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், ஹைகோர்ட்டுக்குத் திரும்பி வந்து, 1947இல் இருவரும் விடுதலை. அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் போயிற்று. பாகவதர் பழைய நிலைக்கு வரவே இல்லை. தெருவெல்லாம் ஒரே பேச்சாக இருக்கும்போது ஜூரர் காதில் மட்டும் அது விழாமல் இருக்குமா?

பம்பாயில் நானாவதி வழக்கு இதற்கு நேர்மாறு. மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மேல் வழக்கு. பத்திரிகைகள் அவருக்காக எழுதித் தள்ளின. 1959இல் எட்டுக்கு ஒன்று என்று ஜூரி விடுவித்தது. ஜட்ஜ் அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை, 1961இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதற்கு முன்பே, 1958இல், சட்டக் கமிஷன் தன் 14ஆவது அறிக்கையில் ஜூரியை எடுத்துவிடலாம் என்று சொல்லியாயிற்று. யாரை உட்கார வைப்பது என்ற கேள்வியே வேண்டாம். படித்த ஜட்ஜ் காரணம் எழுதித் தீர்ப்புச் சொல்கிறார், அப்பீல் இருக்கிறது. ஜூரி காரணம் சொல்வதே இல்லையே!

ராயபுரம் செல்வி:

சுந்தரம் ஐயா, பாகவதர் வழக்கில் நடுவில் ஒரு படியை விட்டுவிட்டீர்கள். ஜூரிக்குப் பிறகு அப்பீல் முதலில் ஹைகோர்ட்டுக்குத்தான் போனது. படித்த ஜட்ஜுகள்தான் அதைத் தள்ளுபடி செய்தார்கள். பழி மட்டும் ஜூரிக்கு ஏன்?

காரணம் எழுதுவதில்லை என்ற குறை நியாயமானது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஜார்ஜ் டவுன் பாலா:

நான் வாசு சார் பக்கமும் இல்லை, செல்வி மேடம் பக்கமும் இல்லை. எங்கள் தாத்தா பந்தர் தெருவில் காகிதக் கடை வைத்திருந்தவர். 1950களில் ஹைகோர்ட் செஷன்ஸுக்கு ஜூரராகப் போயிருக்கிறார். கடையில் அவரும் ஒரு பையனும் மட்டும்தான். சம்மன் வந்தால் கடையை மூட வேண்டும், பள்ளிக்கூடம் திறக்கும் சீசனாக இருந்தாலும் சரி. போகாமல் இருந்தால் அபராதம். மாவட்டக் கோர்ட்டுகளில் அது 100 ரூபாய் வரை, கட்டாவிட்டால் ஜப்தி, அதற்கும் வழியில்லை என்றால் 15 நாள் சிவில் ஜெயில் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து 100 ரூபாய்!

யாரையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று விலக்குப் பட்டியலைப் பாருங்கள். டாக்டர்கள், கோயில் குருக்கள், பாதிரியார், போலீஸ், ராணுவம், தபால் தந்தி ஊழியர், பெரிய அதிகாரிகள். இவர்களைக் கழித்தால் மிச்சம் யார்? கடைக்காரரும் கம்பெனி குமாஸ்தாவும்தான். கடமை கடமை என்கிறோமே, அதன் பாரம் முழுக்க நடுவில் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. பெரிய அதிகாரிக்கு விலக்கு, கூலிக்காரர் பெயர் பட்டியலிலேயே இல்லை.

ஆனால் தாத்தா அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஒன்றை மட்டும் எங்களிடம் அடிக்கடி சொல்வார். சாட்சி தமிழில் பேசுவார், மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்வார், அது முடிவதற்குள் ஜூரிப் பெட்டியில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்து முகம் மாறிவிடும். சாட்சி எங்கே தயங்கினார், எங்கே ஒப்பித்தார் என்று நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

சட்டம் படிக்கும் அருள்:

ஜூரியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேசினால் நல்லது. வந்தவர்களின் பெயர்களில் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். ஒவ்வொரு பெயரையும் உரக்கக் கூப்பிடுவார்கள். அவர் முன்னால் வந்து நின்றதும், இவர் விசாரிப்பதில் உனக்கு ஆட்சேபம் உண்டா என்று குற்றம் சாட்டப்பட்டவரையே கோர்ட் கேட்கும். ஹைகோர்ட்டில் அரசுத் தரப்பு எட்டுப் பேரையும், எதிர்த் தரப்பு எட்டுப் பேரையும் காரணமே சொல்லாமல் வேண்டாம் எனலாம். அதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டும். கூண்டில் நிற்கிறவர் தன்னை விசாரிக்கப் போகிறவரின் முகத்தைப் பார்த்து, இவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அது. இன்றைக்கு எந்த விசாரணைக் கைதிக்கு அது இருக்கிறது?

ஆட்சேபணைக்கான காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பழக்கத்தாலோ சமய விரதத்தாலோ உலக விவகாரங்களைத் துறந்தவர் என்றால் அவரை விலக்கலாம். அப்படியென்றால் குடும்பம், கடன், அக்கம்பக்கம் எல்லாவற்றோடும் வாழ்கிறவர்தான் தீர்ப்புச் சொல்லத் தக்கவர் என்பது அந்தச் சட்டத்தின் எண்ணம். இந்த எண்ணத்தை நாம் ஏன் தூக்கி எறிய வேண்டும்?

மொழி விஷயத்தில் வாசு சார் விட்டதை நான் சேர்க்கிறேன். சாட்சியமோ அதன் மொழிபெயர்ப்போ எந்த மொழியில் நடக்கிறதோ அது தெரியாதவரை நீக்கலாம். ஹைகோர்ட் நடந்தது இங்கிலீஷில். தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழ்நாட்டின் தலைநகரிலேயே ஜூரியில் வழி அடைபட்டது அப்படித்தான். ஆனால் தமிழில் ஜூரி நடக்கவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். இலங்கைச் சட்டத்தில் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் என்று மொழிவாரியாக ஜூரர் பட்டியல் உண்டு. எந்த மொழி ஜூரி வேண்டும் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் காலனி ஆட்சி விட்டுப்போன அமைப்புதான்.

மயிலை சுந்தரம்:

குலுக்கல் என்றதும் உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. பராந்தக சோழன் காலத்திலேயே, 919, 921 கல்வெட்டுகளில், குடவோலை இட்டு, ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்கு ஆள் எடுத்தோம். வெள்ளைக்காரன் பட்டியலைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வேப்பேரி வாசு:

சுந்தரம் ஐயா, அதே கல்வெட்டில் கால் வேலிக்கு மேல் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் கேட்கிறார்கள். உழுகிறவர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே இல்லை. நான் சொல்ல வந்ததும் அதுதான். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், குடத்தில் போடும் ஓலையை யாரோ ஒருவர் முன்பே பொறுக்கிவிடுகிறார்.

நம் ஊர் ஜூரியின் ஆரம்பத்தையே பாருங்கள். 1665, செயின்ட் ஜார்ஜ் கோட்டை, ஃபாக்ஸ்கிராஃப்ட் கவர்னர். அசென்ஷியா டாஸ் என்ற பெண்மணி தன் வீட்டு அடிமைப் பெண்ணைக் கொன்றதாக வழக்கு. பன்னிரண்டு பேர் ஜூரி வைத்து விசாரித்தார்கள். விடுதலை. செத்துப்போன பெண்ணின் பக்கத்து ஆள் ஒருவர் அந்தப் பன்னிரண்டு பேரில் உட்கார்ந்திருக்க முடியுமா? ஐரோப்பியரை இந்திய ஜட்ஜுகளும் விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதா மீதான சண்டைக்குப் பிறகு 1884இல் என்ன நடந்தது? ஐரோப்பியர் மாவட்டக் கோர்ட்டில் நின்றால், பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ உள்ள ஜூரியைக் கேட்டு வாங்கலாம் என்று ஆயிற்று. ராஜத்துரோக வழக்கில் திலகருக்கு 1908இல் பம்பாயில் கிடைத்த ஜூரியில் ஏழு ஐரோப்பியர், இரண்டு பார்சிகள். குற்றவாளி என்று ஏழுக்கு இரண்டு தீர்ப்பு, பர்மாவின் மாண்டலே சிறையில் ஆறு வருஷம்.

செல்வி மேடம், ஜூரியை எடுத்தது தப்பு என்கிறீர்கள். அதன் அடி முதல் நுனி வரை இனமும் சொத்தும் கலந்திருந்தது. அதைப் பிரித்தெடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

ராயபுரம் செல்வி:

திலகர் வழக்கில் அந்த இரண்டு பேர் குற்றவாளி இல்லை என்று சொன்னது இன்றைக்கும் பதிவில் இருக்கிறது. தனி ஜட்ஜ் விசாரித்திருந்தால் அந்த மறுப்பு நமக்குத் தெரிந்திருக்காது. அதற்காகவே ஏழு பேரோடு இரண்டு பேரையாவது உட்கார வைக்க வேண்டும் என்பேன்.

பிரித்தெடுக்க முடியாது என்று ஏன் சொல்கிறீர்கள்? இங்கிலாந்தில் 1825 சட்டம் வீட்டு மதிப்பை வைத்துத்தான் ஜூரரை எடுத்தது. பெண்கள் 1919 சட்டத்துக்குப் பிறகுதான் உள்ளே வந்தார்கள். சொத்துத் தகுதி 1970களில் போயிற்று. அங்கே பட்டியலை மாற்றினார்கள், ஜூரியை வைத்துக்கொண்டார்கள். நம்மிடம் 18 வயதான எல்லோர் பெயரும் உள்ள வாக்காளர் பட்டியல் இருக்கிறது. ஓட்டுப் போடத் தகுதி உண்டு, ஜூரியில் உட்காரத் தகுதி இல்லை என்று காசிமேட்டு அக்காவிடம் போய் நம்மால் சொல்ல முடியுமா?

நம் நாட்டில் ஜூரி அடியோடு போய்விடவும் இல்லை. 1936ஆம் ஆண்டு பார்சி திருமணச் சட்டப்படி விவாகரத்து வழக்குகளில் ஜட்ஜோடு அந்தச் சமூகத்துப் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். அப்படி ஒரு கோர்ட்டுக்குச் சென்னையிலும் சட்டத்தில் இடம் உண்டு.

ஜார்ஜ் டவுன் பாலா:

செல்வி மேடம், காசிமேட்டு அக்காவுக்கு மீன் விற்றால்தான் அன்றைக்குச் சோறு. மூன்று நாள் ஜூரியில் உட்கார்ந்தால் அந்த மூன்று நாள் வருமானத்தை யார் கொடுப்பது? அதைச் சட்டத்தில் எழுதாமல் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தால், விலக்குக் கேட்டு முதலில் வரிசையில் நிற்பது அவராகத்தான் இருக்கும். மறுபடி எங்கள் தாத்தா மாதிரி ஆட்களே உட்கார வேண்டி வரும்.

ராயபுரம் செல்வி:

கொடுக்க வேண்டும், அரசுதான் கொடுக்க வேண்டும். தினக் கூலிக்குக் குறையாமல், கோர்ட்டை விட்டுப் போகும்போதே கையில்.

வேப்பேரி வாசு:

பொது வாக்காளர் பட்டியல், கலெக்டர் கைபடாத குலுக்கல், தமிழில் விசாரணை, பாலா சொன்ன கூலி. இந்த நான்கையும் சட்டமாக எழுதிக் காட்டுங்கள், படித்துப் பார்க்கிறேன். அதில் ஒன்று குறைந்தாலும் நான் எதிர்ப்பேன். ஸ்பெஷல் பட்டியல் வேறு பெயரில் திரும்பி வர அந்த ஒரு இடைவெளி போதும்.