இருள்வளையமா, ஒளிவட்டமா? நாடியழற்சி ஸ்கானுக்கான சொற்கள்

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நாடிச்சுவர் வீங்குகிற நாடியழற்சி பற்றிய நோயாளர் கையேட்டுக்கான கலைச்சொல் பட்டியலில் டொப்ளர் ஸ்கான் பகுதி மட்டும் இழுபட்டுக்கொண்டே போகிறது. அந்த ஸ்கானில் நாடியைச் சுற்றித் தெரிகிற வளையத்தை ஆங்கிலத்தில் 'ஹேலோ' என்பார்கள். அதற்கான சொல் பற்றி நேற்று வந்த மடலில் இருந்தே தொடங்குகிறேன்.

> ஹேலோ என்பதற்கு ஒளிவட்டம் என்று போட்டால் எல்லாருக்கும் விளங்கும். சாமி படத்தில் பார்த்த சொல்தானே.

விளங்கும்தான், ஆனால் பிழையாக விளங்கும். ஸ்கான் அறையில் நடப்பதைப் பாருங்கள். நெற்றிப்பொட்டில் ஜெல் பூசி, சின்னக் கருவியொன்றை முடிக்கரையோரம் வைத்து மெல்ல நகர்த்துவார்கள். திரையில் நாடியின் குறுக்குவெட்டு வரும். நடுவில் இரத்தம் ஓடுகிற இடம் சிவப்பாகவோ நீலமாகவோ துடிக்கும். கருவியை நோக்கி வருகிற ஓட்டத்துக்கு ஒரு நிறம், விலகிப் போவதற்கு மற்ற நிறம். டொப்ளர் செய்கிற வேலை அதுதான். அந்த நிறத்தைச் சுற்றியுள்ள சுவர் அழற்சியால் நீர் கோத்து வீங்கியிருந்தால், ஒலியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அதனால் கறுப்பு வளையமாகத் தெரியும். அங்கே ஒளி எங்கே இருக்கிறது? கருவியால் சற்று அழுத்தினால் நல்ல நாடி நசிந்து திரையில் இருந்து மறைந்துவிடும். வீங்கிய நாடியின் வளையம் அசையாமல் நிற்கும்.

ஆகவே என் முன்மொழிவு 'இருள்வளையம்'. 'கருவளையம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது கண்ணுக்குக் கீழே வருவது, அழகுக் குறிப்புக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'ஊர்கோள்' நல்ல பழஞ்சொல். நிலாவைச் சுற்றி வருகிற வட்டம் என்று அகராதி பார்த்தால் தெரியும். அகராதி பார்க்க வைக்கிற சொல் கையேட்டுக்கு எதற்கு?

அடுத்தது, பெரிய நாடிகளில் வருகிற அழற்சியின் பெயர். 'பெருநாடி அழற்சி' வேண்டவே வேண்டாம். இதயத்தில் இருந்து புறப்படுகிற அந்த ஒரு குழாயைத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் பெருநாடி என்று படித்தோம். இங்கே சொல்ல வருவது அதையும் அதன் பெரிய கிளைகளையும் சேர்த்து. 'குருதிக்கலன்' என்றால் இன்னொரு சிக்கல்: எங்கள் பாடநூலில் கலம் என்பது உயிரின் அடிப்படை அலகு. குருதிக்கலன், குருதிக்கலம் இரண்டையும் அச்சுக்கோப்பவர் கலந்துவிடுவார். 'பெருங்குழாய் அழற்சி' போதும் என்று நினைக்கிறேன்.

சென்னையில் இருந்து தம்பி கேட்டிருக்கிறார்:

> அண்ணா, எங்கள் பாடநூலில் தமனி, சிரை. நாடி என்றால் இங்கே கையைப் பிடித்துப் பார்ப்பது. குழப்பம் வராதா?

நியாயமான கேள்வி. ஆனால் இந்த நோயில் அந்த இரண்டு பொருளும் ஒன்றாக வருவது உதவியாகவே இருக்கிறது. 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் தக்கயாசு விவரித்த நாடியழற்சி வகை பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருவது. கைக்குப் போகிற நாடி ஒடுங்கி, மணிக்கட்டில் பிடித்தால் துடிப்பே கிடைக்காது. 'நாடியழற்சியால் நாடி கிடைக்கவில்லை' என்றால் யாழ்ப்பாணத்துக் கிழவிக்கும் விளங்கும். துடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'நாடித்துடிப்பு' இருக்கவே இருக்கிறது. தமனியைத் துணைச்சொல்லாகப் போடுவோம், வெட்ட வேண்டாம்.

டொப்ளரைத் தமிழாக்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. அது 1842இல் அந்த விளைவை எடுத்துச் சொன்ன ஒஸ்திரிய இயற்பியலாளரின் பெயர், பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன்கூட இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். அல்ட்ராசவுண்டுக்குக் 'கழியொலி' பாடநூலில் இருக்கிறது, அதை வைத்துக்கொள்வோம். நோயாளி 'ஸ்கான்' என்றுதான் சொல்லப் போகிறார், அதையும் விடுங்கள்.

'அக்குள் நாடி' பற்றியும் ஒரு வரி. நெற்றிப்பொட்டோடு அந்த நாடியையும் பார்ப்பது வழக்கம். பட்டியலில் அக்குள் இருக்கட்டும். ஆனால் கையேட்டில் 'கமக்கட்டு' என்று எழுதாவிட்டால் கையை எந்தளவு தூக்குவது என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

ஐயா இருள்வளையத்துக்கு வரைவிலக்கணமும் கேட்டிருந்தார். ஒரு சொல்லோடு நிற்கக்கூடாத இடம் இது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலையிடி, சாப்பிடும்போது தாடை நோவு, தலை சீவினால் உச்சியில் வலி என்றால் அது நெற்றிப்பொட்டு நாடியின் அழற்சியாக இருக்கலாம், பார்வையே போகக்கூடிய ஆபத்து உண்டு. அதனால் ஸ்கானுக்குக் காத்திருக்காமல் ஸ்டீரொயிட் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். மருந்து தொடங்கினால் வளையம் மெலியத் தொடங்கும். அது உள்ளே வரவேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

இருள்வளையம்: கழியொலிப் படத்தில், அழற்சியால் வீங்கிய நாடிச்சுவர் இரத்த ஓட்டத்தைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிதல். அழுத்தினாலும் மறையாது. ஸ்டீரொயிட் தொடங்கிய பின் மெலிந்து மறையக்கூடும். ஆகவே முதல் சில நாட்களுக்குள் பார்ப்பது நல்லது. வளையம் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்வதில்லை.