புதுப்பிப்பு: எபோனைட் பேனாவில் மை சொட்டுவது நின்றுவிட்டது

மையை நேராக உள்ளே ஊற்றும் என் கைக்கடைசல் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவில், மை பாதிக்குக் கீழே இறங்கினாலே நிப்பில் சொட்டுச் சொட்டாகத் திரள்கிறது என்று கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. திருகு மரையில் சிலிகான் கிரீஸ் தடவியதில் கழுத்தோரக் கசிவு நின்றது, சொட்டுவது நிற்கவில்லை. தீர்த்துவைத்தது வெந்நீர் யோசனைதான்: நிப்பைக் கழற்றி, அடியில் இருந்து நிப்புக்கு மை கொண்டுவரும் எபோனைட் நாக்கை மட்டும் வெந்நீரில் இளக்கி, நிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்து ஆறவிட்டேன், விளக்கு வெளிச்சத்தில் முடியளவு தெரிந்த இடைவெளி மறைந்துவிட்டது. நான் எதிர்பார்க்காதது வெந்நீரில் கிளம்பிய கந்தக வாடை. எபோனைட் என்பதே கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்தானே, பயப்பட வேண்டாம். ஆனால் பேனாவின் உடலை வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், பளபளப்பு போய் நிறமே மங்கிவிடும். அப்புறம், உள்ளே இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளும் என்று ஒருவர் சொன்னதும் சரி, அதனால் கால்வாசிக்கு வந்ததுமே நிரப்பிவிடுகிறேன்.