ஹைப்போ 1:10 கலந்து அடிச்சும் சுவர்ல பாசி போகல, கணக்கு எங்க இடிக்குது?

குமரி கிளீனிங்
எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் வீட்டு வெளிச்சுவர், மொட்டமாடி, காம்பவுண்ட் கழுவுற வேலை எடுத்து செய்றேன். இங்க ரெண்டு பருவமழையும் பெய்யும்ங்கிறதால வடக்கு பாத்த சுவர் எல்லாம் கருப்பா பாசி புடிச்சு கெடக்கும். கெமிக்கல் கடைல கேன்ல தர்ற சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போன்னு சொல்ற ப்ளீச்) தான் வாங்குறேன், கேன் மேல 10% னு இருக்கு. ஒண்ணுக்கு பத்து தண்ணின்னு கடைல சொன்னாங்க. அதே மாதிரி 1 லிட்டர் ஹைப்போவுக்கு 10 லிட்டர் தண்ணி பக்கெட்ல கலந்து, பிரஷர் வாஷரோட சோப்பு டியூப்ப அதுக்குள்ள போட்டு சுவர் முழுக்க அடிச்சு பத்து நிமிஷம் ஊற விட்டு கழுவுனா, பச்சை கொஞ்சம் போகுது, கருப்பு அப்படியே நிக்குது. பிரஷர கூட்டுனா பெயிண்ட் உரியுது. வீட்டுக்காரங்க வேற மழைக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்கணும்னு அவசரப்படுறாங்க. சரக்கு மட்டமா இல்ல கலக்குற அளவு தப்பா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சைட் மேஸ்திரி
தம்பி கருப்பு ஏறுன சுவருக்கு ஹைப்போ மட்டும் பத்தாது, அதுலயே கொஞ்சம் பாத்ரூம் ஆசிட் சேத்து அடிங்க, பளிச்னு வந்துரும்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்
மேல சொன்னத தயவு செஞ்சு யாரும் செஞ்சிராதீங்க. ஹைப்போவும் ஆசிடும் சேந்தா குளோரின் வாயு கெளம்பும், கண்ணு எரியும், மூச்சு அடைக்கும், காத்து போகாத இடம்னா உயிருக்கே ஆபத்து. அமோனியா இருக்குற கிளீனரும் கூட சேக்கக்கூடாது.

இப்ப உங்க கணக்குக்கு வர்றேன் தம்பி. நீங்க ரெண்டு தடவ தண்ணி கலக்குறீங்க. பக்கெட்ல ஒரு தடவ கலந்தாச்சு, மொத்தம் 11 லிட்டர், அதனால 10% இருந்தது 0.9% ஆயிடுச்சு. இது சுவர்ல நேரா பட்டிருந்தா லேசான பாசிக்கு ஓரளவு வேலை செஞ்சிருக்கும். ஆனா சோப்பு டியூப் இந்த தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி, மிஷின்ல ஓடுற தண்ணியோட மறுபடி கலந்து தான் வெளிய தள்ளும். சுவர்ல விழும்போது அதுல என்ன இருக்கும்?

உங்க மிஷின் எவ்வளவு உறிஞ்சுதுன்னு அளந்து பாருங்க. அளவு கோடு போட்ட கேன்ல வெறும் தண்ணிய வச்சு டியூப்ப போடுங்க, சோப்புக்குன்னு குடுத்த கருப்பு நாசில மாட்டுங்க (பிரஷர் நாசில் மாட்டுனா சொட்டு கூட உறிஞ்சாது), துப்பாக்கிய 20 லிட்டர் பக்கெட்டுக்குள்ள புடிங்க. பக்கெட் நெறையும்போது கேன்ல எத்தன லிட்டர் இறங்கியிருக்குன்னு பாத்து சொல்லுங்க.

குமரி கிளீனிங்
பாத்தேன் சார். 20 லிட்டர் நெறையிறதுக்குள்ள கேன்ல ஒன்றரை லிட்டர் இறங்குது.

கெமிஸ்ட்ரி வாத்தியார்
அப்ப 20ல 1.5, அதாவது 7.5%. உங்க 0.9% கலவை சுவர்ல விழும்போது 0.07% கூட தேறாது, கிட்டத்தட்ட வெறும் தண்ணி தான். பக்கெட்ல தண்ணியே ஊத்தாம 10% ஹைப்போவ நேரா டியூப்ல குடுத்தாலும் சுவர்ல 0.75% தான் கிடைக்கும். உங்க மிஷின் டியூப்ல அதுக்கு மேல ஏறவே ஏறாது. பச்சைப் பாசிக்கு அது ஓரளவு போதும், வருஷக்கணக்குல ஏறுன கருப்புக்கு 2% கிட்ட வேணும்.

அதுக்கு மறுபடி தண்ணி கலக்காம அப்படியே அடிக்கிற, முதுகுல மாட்டுற ஸ்பிரேயர்ல அடிக்கணும். கணக்கு லேசு தான்: டேங்க் லிட்டர பெருக்கல் வேணும்ங்குற சதவீதம், வகுத்தல் கேன்ல இருக்குற சதவீதம். 16 லிட்டர் டேங்க், 2% வேணும், கேன் 10% னா 16×2÷10, 3.2 லிட்டர் ஹைப்போ, மீதி 12.8 தண்ணி. மொதல்ல தண்ணி, அப்புறம் ஹைப்போ. இன்னொன்னு, 1:3 னு யாராவது சொன்னா மூணுல ஒரு பங்குன்னு எடுத்துக்காதீங்க, ஒரு பங்கு மருந்து மூணு பங்கு தண்ணி, மொத்தம் நாலு, ஆக கால் பங்கு. ஒண்ணுக்கு பத்துல இது பெருசா தெரியாது, ஒண்ணுக்கு மூணுல நல்லாவே இடிக்கும்.

பெயிண்டர் மகன்
சார் சொன்னதோட ஒண்ணு. கேன்ல 10% னு இருந்தா அது புதுசா வரும்போது இருந்த கணக்கு. நம்ம ஊர் வெயில்ல ஹைப்போ தானா வீரியம் எறங்கிட்டே இருக்கும், வெளிய வெயில்ல வச்ச கேனுன்னா ரொம்ப சீக்கிரம். பழைய கேனுக்கு 8% னு வச்சு கணக்கு போடுவேன், அப்ப 4 லிட்டர் ஹைப்போ 12 லிட்டர் தண்ணி. அடிக்கிறதுக்கு முன்னாடி கருப்பு மேல ஒரு சொட்டு தண்ணி சேக்காத ஹைப்போ விட்டு பாருங்க, கொஞ்ச நேரத்துல வெளுத்தா பாசி, அப்படியே இருந்தா அது புகை அழுக்கு, இல்ல சரக்கு செத்துருச்சு. களைக்கொல்லி அடிச்ச ஸ்பிரேயர எடுக்காதீங்க, இதுக்குன்னு தனியா ஒண்ணு வச்சுக்கோங்க, வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணி ஓட விடலன்னா ஸ்பிரேயர் உள்ள இருக்குற ரப்பர் வாஷர் எல்லாம் ஊறி போயிரும். கலர் சுவர்னா மூலைல ஒரு அடி அடிச்சு பாத்துட்டு தான் மொத்தமும்.

மாடித்தோட்டம் அக்கா
தம்பி, சுவர் ஓரமா செடி இருந்தா அடிக்கிறதுக்கு முன்னாடியே இலை மண்ணு எல்லாம் நல்லா நனைச்சு விடுங்க, முடிச்சதும் திரும்ப ஒரு தடவ. மொட்டமாடி கழுவும்போது மழைநீர் குழாய் எங்க போகுதுன்னு கேக்காம ஆரம்பிக்காதீங்க. தமிழ்நாட்டுல 2003லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்குனதால நெறைய வீட்டுல அந்தக் குழாய் நேரா கிணத்துக்கோ சம்புக்கோ தான் போகும். அந்த தண்ணிய வீட்டுல குடிப்பாங்க. குழாய கழட்டி வெளிய திருப்பிட்டு, நல்லா கழுவுனப்புறம் மாட்டுங்க.

குமரி கிளீனிங்
ரொம்ப நன்றி சார், அண்ணே, அக்கா. புது ஸ்பிரேயர் வாங்கி வடக்கு சுவர்ல மட்டும் 2% அடிச்சேன், பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சூண்டு சேத்ததால வழியாம சுவர்லயே நின்னுச்சு, காய விடாம இடைல ஒரு தடவ நனைச்சேன். கருப்பு பழுப்பாகி, லேசான பிரஷர்லயே போயிருச்சு, பெயிண்ட் உரியல. ஜன்னல் அலுமினியத்துல மட்டும் படாம பாலித்தீன் ஒட்டுனேன். போர் தண்ணி தெறிக்குற எடத்துல செங்கல் கலர்ல ஒரு கறை இருக்கு, அது அசையவே இல்ல, இன்னும் ஸ்ட்ராங்கா அடிக்கவா?

கெமிஸ்ட்ரி வாத்தியார்
வேண்டாம். அது இரும்புக் கறை, ஹைப்போ அடிச்சா இன்னும் அழுத்தமா புடிச்சுக்கும். அதுக்கு ஆக்ஸாலிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராம், கறை மேல மட்டும். ஆனா இதுவும் ஆசிட் தான், அதனால இன்னிக்கு வேணாம். சுவர நல்லா அலசி காய விட்டு வேற ஒரு நாள் பண்ணுங்க, கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கிட்டு.